நூலோட்டம் பார்க்காத கத்தரி

ஜனவரி 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் மூத்த மருமகள், உங்கள் தங்கை, மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்த உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன், போட்டோக்காரர், அவருக்கு விளக்குப் பிடித்தவர், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாத மூன்று வாண்டுகள், அப்புறம் நீங்கள். மொத்தம் பதினொரு பேர். அத்தனை பேர் முன்னால், என் சின்னவளின் கல்யாணத்துக்கென்று நான் ஆறு மாதம் உட்கார்ந்து தைத்த ஒட்டுப் போர்வையைக் கையில் வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பி, "துணிய நனைக்காமலே தைச்சிருக்காங்க. முதல் துவைப்புல சுருங்கி மூஞ்சியச் சுளிக்கப் போகுது பாருங்க" என்றீர்கள். நாலு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. வாண்டுகளில் ஒன்று சிரித்தது.

மறந்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் முதலில் இதை எழுதினேன். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம், என் காலைத் தவிர. படியில் விழுந்து மூன்று வாரமாகிறது. மாவுக்கட்டு தொடை வரை இருக்கிறது.

உங்கள் கார்டு வந்தது. பெண் குழந்தை, பத்து வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், தாயும் சேயும் நலம் என்று நாலு வரி. போனில் கேட்கலாம் என்றால் என் காதுக்கு ஒன்றும் எட்டுவதில்லை. இவர்தான் பேசுகிறார். அரை மணி நேரம் பேசிவிட்டு என்னிடம் வந்து "நல்லா இருக்காளாம்" என்கிறார். மீதிப் பேச்செல்லாம் எங்கே போயிற்று?

சின்னவள் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பேத்திக்கு நான் போர்வை தயார் செய்யப் போகிறேன். என்ன துணி ஆகும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதுங்கள். இந்தத் தடவையும் நனைத்துத்தான் தைப்பேன். போன தடவையும் நனைத்துத்தான் தைத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்

ஜனவரி 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

கால் சீக்கிரம் கூட வேண்டும். இங்கே நான் சௌக்கியம்.

நர்ஸம்மாவிடம் கேட்டேன். புதுத் துணி கூடாது. பழைய பருத்தி மட்டும். கஞ்சி, நீலம், வாசனை சோப்பு, அந்துருண்டை எதுவும் படக் கூடாது. சாயம் போகும் துணி கிட்டேயே வரக் கூடாது. தோல் அவ்வளவு மெல்லிசு. பிறந்தபோது ஆயிரத்து நூற்றைம்பது கிராம். நடுவில் குறைந்து, இப்போது ஆயிரத்து நூற்றெண்பது. இரண்டு கிலோ தொட்டால்தான் வீட்டுக்கு விடுவார்கள். நர்ஸம்மா அவளைக் குருவி என்று கூப்பிடுகிறாள். நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம்.

மருமகள் ஓய்வில் இருக்கிறாள். ஊசி ஏறும் கை என்பதால் எழுத முடியவில்லை.

வீட்டில் இருக்கும் பழைய துணிகளைச் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்றைக்கு நடந்தது பற்றி: முப்பது வருடம் பள்ளிக்கூடச் சீருடை தைத்த கை இது. தைத்தது எதுவும் கையில் வந்தால் தானாகத் திரும்பிவிடும். எண்ணமிட்டுச் செய்ததல்ல. சொன்னது தப்பு என்று மட்டும் என்னால் எழுத முடியாது.

அன்புடன்,
குருவியின் அப்பாவைப் பெற்றவள்

ஜனவரி 27

சம்பந்தியம்மாவுக்கு,

வலி பரவாயில்லை. உங்கள் முழங்கால் வாயு எப்படி இருக்கிறது? கல்யாணத்தன்றே மாடி ஏறத் திணறினீர்கள், பதினாலு படி.

சின்னவள் ஒன்பது வயதில் வலது கையை ஒடித்துக்கொண்டபோது ஒரு மாதம் இடது கையால் வீட்டுப்பாடம் எழுதினாள். கோழி கிளறியது போல இருக்கும், ஆனால் எழுதினாள். ஊசி ஏறுவது ஒரு கையில்தானே? இன்னொரு கை என்ன செய்கிறது?

துணி மூட்டையை அனுப்புங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலி மேல் காலை நீட்டிக்கொண்டு, மடியில் பலகை வைத்துக்கொண்டு வேலை செய்ய எல்லாம் தயார். நடந்து செய்ய வேண்டியதை இவர் செய்வார். மனிதருக்கு ரேடியோவை விட்டு எழுந்தால் உயிர் போகும். போகட்டும்.

அவளை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்

பிப்ரவரி 5

சம்பந்தியம்மாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டையை லாரி பார்சலில் போட்டிருக்கிறேன். என் மகனின் சட்டை நாலு, படுக்கை விரிப்பு இரண்டு, தலையணை உறை ஐந்து, நைட்டிகள். எல்லாம் நல்ல பருத்தி.

குருவி ஆயிரத்து நானூறு. குழாய் வழியாகப் பால் போகிறது. நேற்று ஒரு தும்மல் போட்டாள். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

மருமகள் நன்றாக இருக்கிறாள்.

அன்புடன்,
குருவியின் பாட்டி

பிப்ரவரி 16

சம்பந்தியம்மா,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

மூட்டை வந்தது. முதல் நாள் சட்டைகளைப் பிரித்தேன். பிளேடால் காலர், பை, பட்டன் பட்டி எல்லாம் எடுத்தேன். விரிப்புகளின் இரண்டு கரைகளையும் வெட்டித் தள்ளினேன். கரை இறுக்கமாக நெய்தது, துவைத்தால் அது தனியாக இழுக்கும். உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு துணியையும் பலகையில் வைத்துப் பென்சிலால் அளவு குறித்து, ஒரு முழு நாள் ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, நிழலில் காயவைத்து, திரும்ப அளந்தேன். பழைய துணி என்பதால் அரை விரல் கூடச் சுருங்கவில்லை. ஈரத் துணிக்கு அடியில் வெள்ளைத் துண்டை வைத்து மேலே இஸ்திரிப் பெட்டியை அழுத்திச் சாயம் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் லேசாக இறங்கியது. அந்த வெள்ளைத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள். அந்தச் சட்டையைத் தள்ளிவிட்டேன்.

இரண்டாவது விரிப்பைப் பிரித்தபோது அதற்குள் மடித்து வைத்திருந்த நைட்டியைப் பார்த்தேன். சின்னச் சின்ன மஞ்சள் பூப் போட்டது. போன வருடம் நான்தான் வாங்கி அனுப்பினேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். காகிதத்தில் எழுதியதை விரல் வைத்துத்தான் படிப்பேன். துணியில் எழுதியதைப் படிக்க எனக்கு விரல் வேண்டாம். அந்த நைட்டி கழுத்திலிருந்து கால் வரை கிழிந்திருக்கவில்லை, வெட்டப்பட்டிருக்கிறது. தையல்காரர் வெட்டு இல்லை. இழையை ஒட்டிப் போகவில்லை, கோணிக்கொண்டு போகிறது. நடுவில் ஒரு பட்டனை அப்படியே இரண்டாக்கியிருக்கிறது. முனை மழுங்கிய கத்தரி. நூலோட்டம் பார்க்க நேரமில்லாத ஆள். ஒரு பெண் உடுத்தியிருக்கும் துணியை யார் அப்படி வெட்டுவார்கள்? எப்போது வெட்டுவார்கள்?

முன்பக்கம் முழுக்கப் பழுப்பு நிழல் இருக்கிறது. பச்சைத் தண்ணீரும் உப்பும் போட்டு யாரோ முக்கால்வாசி எடுத்திருக்கிறார்கள். அது உங்கள் கைதான்.

இவரைக் கூப்பிட்டேன். "எங்கிட்ட எதை மறைச்சீங்க?" என்றேன். மனிதர் முகம் வெளுத்துப் போனது. என் காதுக்கருகில் வந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"அந்தக் கல்யாணப் போர்வைத் துணிய நான் ஊறவைக்கலைம்மா! ரேடியோல மேட்ச் முடியுற நேரம். மேலாகத் தண்ணி தெளிச்சுக் கொடியில போட்டுட்டேன்!"

பக்கத்து வீட்டு வாத்தியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"நான் அதைக் கேக்கல" என்றேன்.

"அப்புறம் வேற எதை?" என்றார்.

நைட்டியை மடியில் விரித்துக் காட்டினேன். பார்த்தார். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டால் அழுவது வெளியே கேட்காது என்று நினைத்திருப்பார். எனக்கு எப்படியும் கேட்காது. ஆனால் கதவுக்கு அடியில் தண்ணீர் ஓடி வந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. "வாக்குக் கொடுத்துட்டேன்" என்கிறார்.

என் மகள் உயிரோடு இருக்கிறாளா? ஒரு வரி போதும். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், அந்த ஒரு வரியை எழுதுகிற அளவுக்காவது.

அவளைப் பெற்றவள்

பிப்ரவரி 20

உயிரோடு இருக்கிறாள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

சம்பந்தியம்மா, குழந்தை பிறந்த அன்று அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. எட்டுப் பாட்டில் ஏற்றினார்கள். நைட்டியை வெட்டியவள் அந்த நர்ஸம்மாதான். என் கண் முன்னால் நடந்தது. ஆபரேஷன் செய்தார்கள், ஐந்தாம் நாள் திரும்ப ஒன்று செய்தார்கள். பதினோரு நாள் கண் திறக்கவில்லை. அப்புறமும் கையைத் தூக்க மூன்று வாரம் ஆனது. நீங்கள் "இன்னொரு கை என்ன செய்கிறது" என்று கேட்ட கடிதம் வந்தபோது, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் அறைக் கதவுக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போகுமுன் என் மணிக்கட்டைப் பிடித்து, "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அத்தை. அம்மா தாங்க மாட்டா. மாவுக்கட்டோட ரயில் ஏறிடுவா. சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். உங்கள் வீட்டுக்காரரிடமும் என் மகன் அதே வாக்கை வாங்கினான். அந்த மனிதர் போனில் பேசிய அரை மணி நேரத்தில் கால் மணி நேரம் பேச்சே இருக்காது. இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான்.

இப்போது ஆபத்து தாண்டிவிட்டது. டாக்டர் தன் வாயால் சொன்னார். முந்தாநாள் எழுந்து உட்கார்ந்தாள். நேற்று எனக்குத் தலை சீவத் தெரியவில்லை என்று குறை சொன்னாள். வெளியே வந்து அழுதேன்.

நைட்டி எப்படி மூட்டைக்குள் வந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். வாயால் சொல்வதில்லை என்றுதான் சத்தியம் பண்ணினேன்.

குருவி ஆயிரத்து அறுநூற்று இருபது.

உங்கள் சம்பந்தி

பிப்ரவரி 26

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்களும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு, மீதியைப் படிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து எட்டி எட்டிப் பார்த்தார். "இருக்கா" என்றேன். "அதைத்தானே நானும் தினம் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார். பக்கத்தில் இருந்த பெருக்குமாற்றை எறிந்தேன். படவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் எனக்குப் பசித்தது. பத்து நாள் கழித்து அன்றைக்குத்தான் பசித்தது.

மறைத்ததற்கு உங்கள் மேல் கோபப்பட வேண்டும் என்று இரண்டு நாள் முயன்று பார்த்தேன். அந்தக் கையை நீங்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் இங்கே பட்டன் பிரித்துக்கொண்டிருந்தேன். கோபம் நிற்கவில்லை.

கல்யாணப் போர்வை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. சொன்ன இடம்தான் தப்பு. இதற்கு மேல் இறங்கி வர எனக்குத் தெரியாது.

நைட்டியின் முன்பக்கத்தை எரித்துவிட்டேன். பின்பக்கத்தில் ஒரு புள்ளி இல்லை. நாலு தடவை கொதிக்க வைத்திருக்கிறேன். நல்ல துணி, வீசுவானேன்? சேர்க்கலாமா?

உங்கள் சம்பந்தி

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே இப்போது எல்லோரும் சௌக்கியம் என்று முதல் தடவையாகப் பொய் கலக்காமல் எழுதுகிறேன். குருவி ஆயிரத்து எண்ணூறு தாண்டிவிட்டாள். மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். முப்பத்தாறு அடி. எண்ணினேன்.

நைட்டி பற்றி அவளிடம் கேட்டேன். உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதை அப்போதுதான் சொன்னேன். அவள் கேட்டாள்: "அம்மா என்ன சொன்னா?" "எரிச்சது போக மீதிய என்ன செய்யலாம்னு கேட்டாங்க." சிரித்தாள். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சேர்க்கச் சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்யாணப் போர்வை முதல் துவைப்பில் சுளித்துத்தான் போனது. மருமகள் அழுதாள், அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று. அதை முழுக்கப் பிரித்து, துண்டு துண்டாக இழுத்து இஸ்திரி போட்டு, ஓரம் நறுக்கி, திரும்பத் தைத்தேன். இரண்டு மாதம் ஆனது. ஒரு சாண் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான். பிரிக்கும்போது உங்கள் கைத்தையலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல், ஒன்றுகூடப் பெரிசு சிறிசு இல்லை. பிரிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அதைத்தான் போர்த்திக்கொண்டிருக்கிறாள்.

கீழே அவள் எழுதியது.

உங்கள் சம்பந்தி

அம்மா நான் நல்லா இருக்கேன். கை நடுங்குது. அப்பாவத் திட்டாதே. குருவிக்கு உன் மூக்கு.

மார்ச் 10

சம்பந்தியம்மா, சின்னவள், குருவி எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவள் எழுதியதைப் பதினேழு தடவை படித்தேன். கோழி கிளறியதுதான். ஆனால் அவள் கோழி.

இரண்டு மாதம் நீங்கள் உட்கார்ந்து பிரித்தீர்கள் என்பதைப் படித்ததும் வீட்டை விட்டு எங்கேயாவது போகலாம் போல இருந்தது. கால் விடவில்லை. நாலு வருடமாக நான் உங்களைத் திட்டியதற்கெல்லாம் கணக்கு என் தலைக்குள் இருக்கிறது, தேதியோடு. அதை உங்களுக்கு எழுதிக் காட்டி இரண்டு பேருக்கும் கஷ்டம் வேண்டாம்.

இப்போது வேலை. எல்லாத் துணியும் தயார். ஒவ்வொன்றிலும் ஓர் இழையை உருவி, அது போன வழியில் வெட்டியிருக்கிறேன். நாற்பத்தொன்பது சதுரம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டிருக்கிறேன். நடுவில் வைக்க, பஞ்சு வேண்டாம் என்று, பழைய மெல்லிய விரிப்பு ஒன்று. அதையும் கொதிக்க வைத்தாகிவிட்டது. சாயம் பார்த்த வெள்ளைத் துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஒன்றில்கூடக் கறை இல்லை. எல்லாவற்றையும் நானே ஊறவைத்தேன். இவரை வாளியைத் தூக்க மட்டும் விட்டேன்.

மிதி மெஷினை இந்தக் காலால் மிதிக்க முடியாது. தைப்பது உங்கள் பாடு. வந்ததும் திருப்பிப் பார்ப்பேன்.

உங்கள் சம்பந்தி

மார்ச் 22

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கட்டு பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். வெறுங்காலோடு ஈரத்தில் நடக்காதீர்கள்.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முதலில் மருமகள், நாலு நாள் கழித்துக் குருவி. இரண்டு கிலோ எண்பது. மாப்பிள்ளையாக உங்களுக்குத் தெரிந்த என் மகன், காரிலிருந்து வாசல் வரை ஒவ்வோர் அடியையும் கேட்டுக் கேட்டு வைத்தான்.

போர்வையைத் தைத்து முடித்தேன். ஒரு சதுரத்தைக்கூட இழுத்துச் சரி செய்ய வேண்டியிருக்கவில்லை. மூலைகள் தாமாகப் போய்ப் பொருந்தின. முப்பது வருடத்தில் இப்படித் தயார் செய்த துணி என் மெஷினுக்குக் கீழே வந்ததில்லை. குருவியின் மேல் போடுமுன் மூன்று தடவை துவைத்தேன். சுளிக்கவில்லை. இதைப் பன்னிரண்டு பேர் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள் சம்பந்தி

மார்ச் 29

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? எனக்கும் ஒரு குறையும் இல்லை. கால் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, நடக்கிறது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காலை அங்கே இருப்போம்.

வருமுன் சிலதைத் தீர்த்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் போர்வையைத் திருப்பியதை மன்னித்துவிட்டேன். மறைத்ததையும் மன்னித்துவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி உங்களிடம் நேரில் கேட்பேன், ஒரு தடவைதான் கேட்பேன், அப்போதே பதில் சொல்லிவிடுங்கள். சிரித்த அந்த வாண்டை மன்னித்துவிட்டேன், இப்போது வளர்ந்திருக்கும். நைட்டியை வெட்டிய நர்ஸம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும். நூலோட்டம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் என் பெண் இன்றைக்கு இல்லை. இவரைக்கூட மன்னித்தாயிற்று. ஐம்பது நாள் என் முகத்தைப் பார்த்து ஒரே பொய்யைச் சொல்லி மனிதர் பாதியாகிவிட்டார். ரேடியோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் ஒரு ஆள் இருக்கிறது. சாவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும்போது, தன் வலியை நினைக்காமல், பெற்றவள் தாங்க மாட்டாள் என்று அந்த நிமிடத்தில் தீர்மானித்த ஆள். நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்று இருபத்தெட்டு வருடம் என்னோடு இருந்தும் தெரிந்துகொள்ளாத ஆள். தாங்கியிருப்பேன். மாவுக்கட்டோடு ரயில் ஏறியிருப்பேன், அதுவும் உண்மைதான். அந்தப் பதினோரு நாளும் அவள் பக்கத்தில் உட்காரும் உரிமை எனக்கு இருந்தது, அதை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். வந்ததும் அவள் தலையை நான்தான் சீவுவேன், உங்களுக்கு வரவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். ஊட்டுவேன், துணி துவைப்பேன், தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். அதெல்லாம் வேறு. நான் இருக்கிற வரைக்கும் மன்னிக்கப் போவதில்லை, என் சின்னவளை.

உங்கள் சம்பந்தி